பன்னிரண்டு யூரோ

களியக்காவிளை செக்போஸ்டுக்கு
எதிர்மாடியில் என் அறை.
இரவு ஒன்றரைக்கு மீன் லாரியை ஓரங்கட்டுகிறார்கள்.
தார்ப்பாயை விலக்கி ஒரு சாளையை எடுத்து
காகிதத் துண்டை அதன் வயிற்றில் ஒற்றுகிறார் ஒருவர்,
பார்மலின் இருக்கிறதா என்று.
நிறம் தெரிகிறவரை
டிரைவர் பீடியைப் பற்றவைக்காமல்
விரலிலேயே வைத்திருக்கிறான்.

அந்த நேரத்தில்தான் வந்தது,
ஜெர்மனியிலிருந்து, நாற்பத்தொரு கேள்விகளோடு.
"மதிப்பிற்குரிய உற்பத்தியாளருக்கு."

உற்பத்தியாளர்!
பகலில் நான் குழித்துறை முந்திரி ஆலையில்
கூலிக்கணக்கு எழுதுகிறவள்.
எட்டு வருடம் முன்பு
குளச்சலில் டென்சிங் அண்ணனின் ஐஸ் பிளாண்டில்
சென்சார் அவ்வப்போது பொய் சொன்னது;
ஐஸ் உருகி வழியும்போதும்
மைனஸ் நாற்பது என்று சாதித்தது.
அந்தப் பொய்யைப் பிடிக்க
ஆயிரத்து முந்நூற்று நாற்பது வரி எழுதினேன்.
யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று
திறந்து போட்டேன்.
எதற்கும் உத்தரவாதம் இல்லை என்று
அடியில் எழுதியும் வைத்தேன்.

அது போயிருக்கிறது.
எந்த லாரியிலும் ஏறாமல், எந்தத் தார்ப்பாயும் இல்லாமல்.
இப்போது இன்சுலின் வைக்கும் பெட்டிகளுக்குள்
குளிரைக் காவல் காக்கிறதாம்.

ஓட்டை தெரிந்தால் இருபத்துநான்கு மணிநேரத்தில்
தெரிவிப்பீர்களா?
ஐந்து வருடம் பராமரிப்பீர்களா?
எனக்கு வாடகை ஒப்பந்தமே பதினோரு மாதம்.

சட்டத்தைப் படித்தேன், மூன்று ராத்திரி.
கெட்ட சட்டம் என்று சொல்ல வாய் வரவில்லை.
பார்மலின் மீன் இந்த வழியாகத்தான் போனது,
நானே பார்த்திருக்கிறேன்.
சும்மா கொடுக்கிறவளை விட்டுவிடு என்றும்
அதில் ஒரு வரி இருக்கிறது.
ஆனால் வக்கீலின் பயத்துக்கு அந்த வரி போதவில்லை.
அவர் கம்பெனியைக் கேட்க
கம்பெனி பெட்டி செய்தவனைக் கேட்க
அவன் கேட்க ஆளில்லாமல் என்னைக் கேட்கிறான்.

அப்புறம் அந்தப் பன்னிரண்டு யூரோ.
பெல்ஜியத்தில் யாரோ, காபி குடி என்று அனுப்பியது.
வங்கி தின்றதுபோக வந்ததில்
ரூட்டருக்கு பேட்டரி மாற்றினேன்.
டென்சிங் அண்ணனிடம் போனில் கேட்டேன்.
"காசு வாங்கினியா?"
வாங்கினேன்.
"அப்ப கச்சவடமாக்கும். பில்லு போட்டியா?"
இல்லை.
"அப்ப கச்சவடம் இல்ல. போனை வையி பிள்ளே,
கம்ப்ரசர் சத்தம் மாறுது."

இருபத்தொன்பதாவது கேள்வி:
பங்களித்தவர்கள் எந்தெந்த நாடு?

ஒருவர் இருக்கிறார். பெயரிருக்கும் இடத்தில்
மூன்றெழுத்து மட்டும்.
"ஊர் முழுக்க இருட்டு, மீதி நாளைக்கு" என்றார்.
அந்த நாளை வர ஐந்து மாதம் ஆயிற்று.
வந்தது பதினோரு வரி.
எண்ணி எண்ணிச் சென்சார் நிரம்பி வழிந்து
மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும் அந்த நொடியில்
பெட்டி ஏமாறாமல் இருப்பது அவரால்.
எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.
கேட்கத் தோன்றவும் இல்லை.

கடிதத்தோடு இணைத்திருந்தார்கள்
ஆகாத நாடுகளின் பட்டியல்.

வம்பெதற்கு என்று பதினோரு வரியை அழித்தேன்.
என் கையால் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.
விடிய நாலு மணிக்கு முடித்துப் பார்த்தால்
அதே பதினோரு வரி.
ஒரு மாறியின் பெயர் மட்டும் வேறு.
சரியாகச் செய்ய அந்த ஒரு வழிதான் இருக்கிறது போல.

என்னுடையதை எடுத்துவிட்டு
அவருடையதைத் திரும்ப வைத்தேன், மூன்றெழுத்தோடு.

உற்பத்தியாளர் என்பதை அடித்து
எழுதியவள், ஷைனி புளோரா என்று போட்டேன்.
ஐந்து வருடம்: முடிந்தவரை.
ஓட்டை: கரண்ட் இருந்தால் அன்றே.
நாடு: தெரியாது.

தெரியாது என்பதை அந்தக் கட்டம் ஏற்கவில்லை.
பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் என்கிறது.
தொட்டால் கீழே விரிகிறது
உலகம் முழுக்க, அகர வரிசையில்.

அனுப்பும் பொத்தான் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது.
சாளை லாரி எப்போது போனதென்று கவனிக்கவில்லை.
கீழே இன்னொன்று வந்து நிற்கிறது.
நெத்திலி. வாடையிலேயே தெரிகிறது.