தடிப்பு

திங்கட்கிழமை நாற்பத்திரண்டு கைகள்.
ஊசி நுழைந்த இடத்தில்
பட்டாணி அளவு கொப்புளம் எழும்பி
கொஞ்ச நேரத்தில் அடங்கும்.
"சொறியாதீங்க. புதன்கிழமை வந்து காட்டுங்க."
நாற்பத்திரண்டு முறை சொன்னேன்.
சொறிந்துவிட்டுத்தான் வருவார்கள்.

புதன் காலை முதல் ஆள்
அக்கவுண்ட்ஸ் ஹரிகோவிந்த்.
மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவப்பு,
முகம் மட்டும் வெளிறிப்போய்.
ராத்திரி முழுக்க எதையோ படித்திருக்கிறார்,
உயில் எழுதாததுதான் பாக்கி.
கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன்.
இந்த வேலைக்குக் கண் அவ்வளவாக உதவாது.
சிவப்பு வெறும் சத்தம்.
தோலுக்கடியில் கெட்டியாக
ஏதாவது உட்கார்ந்திருந்தால் அதுதான் பேச்சு.
எதுவும் உட்காரவில்லை.
பூஜ்யம் என்று எழுதினேன்.
நம்பாமல் எழுந்து போனார்.

பதினொன்றரைக்குச் செங்கேணி.
மூன்றாம் மாடி வார்டைத் துடைப்பவள்,
கான்ட்ராக்ட், கண்ணகி நகர்.
கையைத் தொட்டேன், ஜில்லென்றிருந்தது.
முந்தானை ஈரம். லேசாக வஞ்சிர வாசனை.
மீன்வண்டிக்காரரிடம் ஐஸ் வாங்கி
பெரும்பாக்கம் வருகிறவரை பஸ்ஸில்
அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள்.
"வீக்கம் கொறஞ்சிருக்கா சிஸ்டர்?"

பால்பாயின்ட் பேனாவை
மேட்டுக்கு வெளியே வைத்து
உள்நோக்கி மெல்லத் தள்ள வேண்டும்.
கரை வந்ததும் பேனா நின்றுவிடும்,
நிறுத்துவது நானில்லை.
எதிர்ப்பக்கத்திலிருந்தும் அப்படியே.
இரண்டு நீலக் கோடுகள்.
இடையில், அவள் உடம்பு எங்கேயோ எப்போதோ
சந்தித்துவிட்டு வந்த ஒன்று.
ஸ்கேலை வைத்தேன்.
பதின்மூன்று மில்லிமீட்டர்.

அப்போது பார்த்து ஹெச்.ஆரிலிருந்து போன்.
"பாசிட்டிவ் வந்த கான்ட்ராக்ட் ஆளுங்க லிஸ்ட்
மத்தியானத்துக்குள்ள வேணும் மேடம்,
வேற ஆள் போடணும்."

படிவத்தில் அந்தக் கட்டம் அரை அங்குலம்.
உள்ளே வந்த கிருமியை
உடம்பே பூட்டிவைத்திருக்கலாம்.
பிறந்தபோது போட்ட தடுப்பூசியின்
பழைய எதிரொலியாகவும் இருக்கலாம்.
பூட்டு இருக்கிறது என்று மேடு சொல்லும்.
திருடன் விழித்திருக்கிறானா என்று
அதற்குத் தெரியாது.
அரை அங்குலத்தில் இதை எப்படி எழுத?

இருமல்? இல்லை.
சாயங்காலக் காய்ச்சல்? இல்லை.
எடை குறைந்ததா?
"ரேசன் அரிசிக்கு ஏறத்தான் செய்யுது."
எக்ஸ்ரேவுக்கு அனுப்பினேன்.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தவள்
கோடுகளுக்கு நடுவே எச்சில் தொட்டுத் தேய்த்தாள்.
என் முழங்கையைத் திருப்பிக் காட்டினேன்.
இப்போது அங்கே அடையாளம் ஏதுமில்லை.
"எனக்குப் பதினொண்ணு. வேலைக்குச் சேர்ந்த வருஷம்.
அதுக்கப்புறம் எனக்கு ஊசி கிடையாது,
படம் எடுத்துத்தான் பார்க்கிறாங்க."
"அப்போ உன்னைத் தூக்கலியா?"
"அளக்கிற வேலையைக் குடுத்துட்டாங்க."
சிரிப்பு வரத்தான் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

ஒன்றரைக்குப் படம் வந்தது.
விலா எலும்புகளுக்கு இடையே
துடைத்துவிட்ட மாதிரி கறுப்பு.
மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதை
டாக்டர் மெஹ்ருன்னிசா சொல்வார்.
நான் அரை அங்குலத்தைத் தாண்டி
ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினேன்:
தடிப்பு 13. அறிகுறி இல்லை. நெஞ்சு தெளிவு.
நோய் என்று அர்த்தமல்ல. வேலை பார்க்கலாம்.
கடைசி வார்த்தை
ஹெச்.ஆர். முத்திரைக்கான இடத்தில் விழுந்தது.
விழட்டும்.

லிஸ்ட் கேட்டு மறுபடியும் போன் அடித்தது.
அடிக்கட்டும் என்று விட்டேன்.

செங்கேணி எழுந்து
பிளாஸ்டிக் கவரில் மிச்சமிருந்த தண்ணீரை
வாஷ்பேசினில் ஊற்றினாள்.
"இருவது ரூபா ஐஸு சிஸ்டர்.
திங்கக்கெழமையே சொல்லியிருந்தா
ரெண்டு டீ குடிச்சிருப்பேன்."