நிற்க வைத்த தண்ணீர்

வால்டெசிரின் படகடியில், மீனெல்லாம் இறக்கிய பிறகு,
தேங்கிக் கிடந்த கறுப்புத் தண்ணீரில்
ஒன்று மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது.
அகாரா மீன் குஞ்சு. கட்டைவிரல் நீளம்.
விற்றால் காசு தேறாது,
பொரித்தால் ஒரு வாய்க்குக் காணாது.
"எடுத்துக்கோ ஜுசிலேனி" என்றான், குப்பையைக் காட்டுவதுபோல.
காப்பிக் குவளையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மூன்று நாள் எதையும் தொடவில்லை.
அவித்த முட்டையின் மஞ்சள் கரு தண்ணீரைக் கலக்கிற்று.
ரொட்டித்துகளை வாங்கி, யோசித்து, துப்பிற்று.
பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டு
ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது.
செத்துத் தொலையப் போகிறது என்று நானே சொன்னேன்.
சொல்லிவிட்டுத் தூங்கவில்லை.

நாலாம் நாள் சந்தையில்
என் கத்திக்கு வந்த பெரிய அகாராக்களைக்
கொஞ்சம் மெதுவாகக் கிழித்தேன்.
பதினேழு வருஷமாகக் குடலை வழித்து
வாளியில் எறிகிறேன்,
உள்ளே என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.
நத்தை ஓடு. இறால் கால்.
ஏதோ வண்டின் பச்சை இறக்கை, மங்காமல்.
பாதி கரைந்த ஒரு காட்டுப்பழம்.
சாயங்காலம் ஒரு நத்தையை நசுக்கி
நகக்கண் அளவு கிள்ளிப் போட்டேன்.
தின்றது.
செத்தவைதான் எனக்கு
இதன் பசியைப் படித்துக் காட்டின.

அதற்கப்புறம் ஒழுங்கு வந்தது.
நாளுக்கு மூன்று வேளை. அதன் கண்ணளவு, அதற்கு மேல் இல்லை.
ஞாயிறு பட்டினி.
எலுமிச்சை தேய்த்த கையைப் பச்சைத் தண்ணீரில்
இரண்டு முறை அலசிய பிறகுதான் தொட்டி.
குழாய்த் தண்ணீரில் குளோரின்;
வாளியில் பிடித்து ஓரிரு நாள் நிற்க வைக்கவேண்டும்.
நான் மறந்த ஒரு வாளி எட்டு நாள் நின்றது.
அங்கேதான் வம்பு.

மஞ்சள் சட்டை, டார்ச், நோட்டுப் புத்தகம்:
டெங்குக்காரன் எடிவான்.
"தேங்கிய தண்ணீர்" என்றான்.
"நிற்க வைத்த தண்ணீர்" என்றேன்.
வெளிச்சம் அடித்தான்.
கொசுப்புழுக்கள் தலைகீழாய்த் தொங்கி நெளிந்தன.
"இது குற்றம்."
"இது காலைச் சாப்பாடு."
ஒன்றும் பேசாமல் கவிழ்த்தான்.
பலகை இடுக்கு வழியாக எல்லாம் ஓடைக்குப் போயிற்று.
அவன் பிறந்த நேரத்தையும் சேர்த்துத் திட்டினேன்,
அடுத்த வீட்டு இராசி ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

மறு செவ்வாய் திரும்ப வந்தான்.
சட்டைப்பையில் இருமல் மருந்துக் குப்பி,
மூடியில் ஊசித்துளைகள்.
"பதினொரு வீட்டுப் புழு.
அழித்தாயிற்று என்று எழுதவேண்டும்."
முழங்காலை மடக்கித் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான்.
குஞ்சு பின்வாங்கியது, கறுத்தது,
பிறகு வாய் திறந்தது.
அழித்தாயிற்று.
அவன் எழுதினான், நான் காப்பி போட்டேன்.
வாளிக்கு ஒரு வலைத்துணி மூடியும் கொண்டுவந்திருந்தான்,
அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் மூடிவிட்டுப் போனான்.

இப்போது ஜூன்.
ஆறு ஏறித் தரைக்கு ஒரு சாண் கீழே வந்து நிற்கிறது.
எல்லாரும் பலகை உயர்த்துகிறார்கள்;
தொட்டியைக் குளிர்ப்பெட்டிக்கு மேலே ஏற்றிவிட்டேன்.
உள்ளங்கை நீளம் ஆகிவிட்டது.
வாலடியில் ஆரஞ்சு வளையத்துக்குள் ஒரு பொய்க்கண்.
எந்தக் கண் என்னைப் பார்க்கிறது என்று சில சமயம் தெரியவில்லை.
"இன்னும் ரெண்டு மாசம், சட்டிக்கு ஆச்சு" என்கிறான் வால்டெசிர்.
சிரித்தேன். தண்ணீர் இவ்வளவு பக்கத்தில் இருக்க
விட்டுவிடலாமே என்கிறாள் இராசி.
அதற்குச் சிரிக்கவில்லை.

இரவில் பொரித்த மீனை
அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து தின்கிறேன்.
வெட்கமெல்லாம் இல்லை.
பார்த்தால் பங்கு கேட்கும்.