இருபத்தொன்று, இருபத்திரண்டு

அளவுகோல் வைத்து வரைந்திருந்தேன்.
மேல்வகுப்புப் பெட்டி, இடப்பக்கம்.
இருபத்தொன்று ஜன்னல், இருபத்திரண்டு நடைவழி.
சக்கரத்தின் மேல் வேண்டாம்.
கழிப்பறைக்கு நான்கு வரிசையாவது தள்ளி.
பெரிய பெட்டி காலடியில்,
நீலப் பை எதிர்ப்பக்கத் தட்டில்:
தன் தலைக்கு மேல் இருப்பதை
யாராலும் பார்க்க முடியாது,
களவு போவது அங்கிருந்துதான்.
முப்பத்தொரு வருஷம் கூட்டுறவு வங்கியில்
தணிக்கை பார்த்தவள் நான்.

ரங்கூன் நிலையத்தில் கையால்தான் எழுதினார்கள்,
கார்பன் தாள் வைத்து, பாஸ்போர்ட் எண்ணோடு.
எழுதியவரை எனக்குப் பிடித்துப்போனது.
இருளப்பன் என்ற பெயர்
கட்டத்துக்குள் அடங்காமல்
அடுத்த கட்டத்தில் கால் நீட்டியது.

காலையில் இருளப்பன் சொன்னார்:
"முதுகு தாங்காது. நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்."
கையில் ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும்.
மூட்டை நான்கும் எனக்கு,
அவர் இருக்கையும் எனக்கு.

ரயில் ஓடவில்லை, குதித்தது.
சல்லடையில் ரவையாக நாங்கள்.
கண்ணாடியில்லாத ஜன்னல் வழியே
வேலிச்செடி உள்ளே வந்து
கன்னத்தில் அறைந்துவிட்டுப் போனது.
மூன்றாவது குதியில் நீலப் பை
எதிரே தூங்கியவர் மடியில் விழுந்தது.
அவர் கண் திறக்காமலே அதை எடுத்துத்
தலைக்கு வைத்துக்கொண்டார்.
பத்திரமான இடம்.
என் தாளில் அது இல்லை.

பெகுவில் ஏறினாள்,
இடுப்பில் ஒரு பானை, வாயில் துணி கட்டி.
டிக்கெட்டில் டோ தின் தின் ஏ,
கோயில் நோட்டில் குப்பாயி என்றாள்,
என் நெற்றியைப் பார்த்ததுமே தமிழில்.

"இது யாரு சீட்டு?"
"என் வீட்டுக்காரர்."
"எங்க அவரு?"
"பஸ்ஸில்."
நன்றாகச் சிரித்தாள்.
நான் நகர்ந்து, உட்காருங்கள் என்றேன்.
அவள் பானையை உட்காரவைத்தாள்.

"நீங்கள்?"
"நான் விழுந்தா எழுந்திரிப்பேன்.
அது விழுந்தா எழுந்திரிக்காது."
சொல்லிவிட்டு என் பெரிய பெட்டிமேல்
சம்மணமிட்டாள்.
இருபத்தெட்டு அங்குலம், நான்கு சக்கரம்,
உடையக்கூடியது என்று
மூன்று பக்கமும் நான் எழுதி ஒட்டிய பெட்டி.

பானைக்குள் ஙப்பி.
பள்ளிக்கூட நாளிலிருந்து தேடுகிறேன்,
ஙகரத்தில் தொடங்கும் ஒரு சொல்லை.
இவள் அதை வருஷமெல்லாம் ஊறவைத்து
மோல்மீனில் மகள் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள்.
சொல்லுக்கு அப்படியொரு வாடை இருக்குமென்று
எந்த அகராதியும் எச்சரிக்கவில்லை.

அதனால் இன்னொரு மாற்றம்:
காற்று வேண்டும், பானைக்கு ஜன்னல்.
நான் நடைவழிக்கு வந்தேன்.
பானை ஆடியது.
முட்டுக் கொடுக்க ஏதாவது இருக்கா என்றாள்.
கைப்பையில் தேடினேன்.
பணம், பாஸ்போர்ட், மாத்திரை,
அளவுகோல் வைத்து வரைந்த தாள்.
எட்டாக மடித்தால் சரியான தடிமன்.

டிக்கெட் பார்ப்பவர் வந்தார்.
இரண்டு சீட்டு, ஒரு பெண், ஒரு பானை,
பெட்டிமேல் இன்னொரு பெண்.
பானையை ஒருமுறை பார்த்தார்.
இருளப்பன் பெயரில் துளை போட்டார்.

தாத்தோன் தாண்டி அவித்த சோளம் வாங்கினோம்.
காசு அவள் கொடுத்தாள்.
பெட்டிக்கு வாடகை என்றாள்.

மார்ட்டபானுக்கு அப்புறம் பாலம்.
இடப்பக்கம் கேட்டதே இதற்காக.
பானையின் தோளுக்கு மேலே
ஒரு சாண் அளவுக்கு ஆறு தெரிந்தது,
பழுப்பாக, அவசரமில்லாமல்.
மீதியைக் குப்பாயி சொன்னாள்,
ஜன்னல் பக்கம் திரும்பாமலே:
இப்ப மணல்திட்டு. இப்ப படகு.
இப்ப கோபுரம், பொன்னா இருக்கும், பாரு.
இருந்தது.

மோல்மீனில் இருளப்பன் நின்றிருந்தார்,
குளித்து, தலைசீவி.
மூட்டைகளை எண்ணினார். மூன்று.
தூங்கியவர் பின்னாலேயே வந்து
நீலப் பையை நீட்டினார்,
அதில் அவர் கன்னத்தின் பள்ளம் இருந்தது.

"என் சீட்டு சும்மாதானே வந்தது?"
என்று கேட்ட இருளப்பன்
சட்டென்று மூக்கைச் சுளித்தார்.

தாள் பானையோடு போய்விட்டது.
திரும்பும்போது என்ன எண் கேட்பதென்று
நான் இன்னும் யோசிக்கவில்லை.