மூன்றடி உயரம்

சனிக்கிழமை பூட்டைத் திறந்து
இரண்டாம் வகுப்பில் முட்டி போட்டேன்.
இங்கிருந்து பார்த்தால்
இருபத்தாறு எழுத்தும் உத்தரத்தில் இருக்கின்றன.
ஆப்பிள் ஒரு சிவப்புப் புள்ளி.
நாலு வருடமாய் இவை தொங்கியது
ஆய்வுக்கு வருகிறவர்களின் கண்ணுக்கு.

இறக்கினேன்.
பசையோடு சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது.
கெலமங்கலம் மண்டியில் கேட்டு வாங்கிய
தக்காளிப் பெட்டிகள் மூன்று,
அவற்றில் கதைப்புத்தகங்கள், அட்டை தெரிய.
முதுகைக் காட்டும் புத்தகத்தை
யார் போய்க் கூப்பிடுவார்கள்?

பிறகு பெயர்ச்சீட்டுகள்.
டோர். வால். விண்டோ.
முனிலட்சுமிக்குக் கதவு
வீட்டில் பாகிலு,
பாடத்தில் கதவு,
மூன்றாவது பெயரை எந்த ஆணியில் மாட்டுவாள்?
டோருக்குக் கீழே பாகிலுவையும் எழுதினேன்,
சின்னதாக.
கேட்பார்கள். கேட்கட்டும்.

திங்கள் மத்தியானம்
ஜன்னலில் சீட்டைக் காணோம்.
பின்சுவரில் செங்கல் விழுந்த ஓட்டைக்கு மேல்
கோணலாக, சோற்றுப் பருக்கை வைத்து
ஒட்டியிருக்கிறது விண்டோ.
"அங்க இல்ல புள்ள, இங்க" என்று
ஜன்னலைக் காட்டினேன்.
"அதுல ஒண்ணும் தெரியாது டீச்சர்.
இதுல எங்க ராகிக் கொல்லை தெரியுது."

குனிந்து பார்த்தேன்.
தெரிந்தது. ஓர் எருமையும்.

புதன்கிழமை ஓட்டையைப் பூச வருவதாய்ச் சொன்ன
கொத்தனார் சென்னப்பாவுக்குப் போன் போட்டேன்.
சிமெண்ட் வேண்டாம்,
மழைக்கு முன்னால்
சின்னதாய் ஒரு சட்டம், ஒரு கண்ணாடி.
"எத்தனை அடி உயரத்துல மேடம்?"