கடைமடை

விடுப்பு மனு திரும்பி வந்தது.
ஓரத்தில் சிவப்பு மை:
தண்ணீர் கடைமடை சேரும்வரை
யாருக்கும் கிடையாது.

சண்டிகருக்கு எடுத்த ரயில் சீட்டை ரத்து செய்தேன்.
அதற்கப்பால் ஸ்பிதி.
பனிச்சிறுத்தை, பாறையில் ஒட்டிய பழைய மடம்,
மூச்சு முட்டும் கணவாய்.
நான்கு வருஷம் பணம் சேர்த்த வடக்கு
ஒரு விரல் தள்ளலில் போனது.
பிடித்தம் போக அறுநூற்றுச் சொச்சம் வரும் என்றது திரை.

ஞாயிற்றுக்கிழமை
வேதாரண்யத்தில் பேருந்து ஏறிக்
கோடியக்கரைக்கு ஒன்று என்றேன்.
இருபுறமும் உப்பளம் கண்ணைக் குத்தியது.
அதற்குள் பன்னிரண்டு முறை அழைத்துவிட்டார்
தலைஞாயிறு பக்கிரிசாமி.
எடுத்தால் ஒரே கேள்வி:
"ஷட்டரத் தூக்கிட்டீங்களா மேடம்?"
எடுக்கவில்லை.

சோதனைச்சாவடியில் பதிவேடு,
சணலில் கட்டிய பேனா.
பெயர். ஊர். வந்ததன் நோக்கம்.
எனக்கு மேலே பக்கம் முழுக்க
'மான் பார்க்க', 'மான் பார்க்க'.
ஒருவர் மட்டும் 'சும்மா'.
"காலியா விடாதீங்க, ரேஞ்சர் திட்டுவார்"
என்றார் காவலர் வைரக்கண்ணு.
திரும்பும்போது எழுதுகிறேன் என்றேன்.

வெளிமான் ஒன்று புல்லில் நின்று
எங்களைக் கணக்கெடுத்தது.
முறுக்குக் கொம்பில் காய்ந்த சேறு.
தூரத்தில் மட்டக்குதிரைகள்.
யார் விட்டுப்போனது என்று கேட்டேன்.
"எனக்குத் தெரியாது. அதுங்களுக்கும் தெரியாது."
கஜாவில் சாய்ந்த பாலை
படுத்தபடியே தளிர்த்திருந்தது.

ராமர் பாத மேட்டில் ஏறினேன்.
இந்தப் பக்கம் மூச்சு வாங்க
இவ்வளவு உயரம்தான் கிடைக்கும்.
கணவாய்க்கென்று வாங்கிய ஷூ நிறைய
மணல்.

பிறகு பழைய கலங்கரை விளக்கம், அதாவது
அது நின்ற இடம்.
சோழர் கட்டியது என்கிறார்கள்.
அத்தனை காலம் நின்றதைச்
சுனாமி ஒரு காலையில் முடித்தது.
செங்கல் கும்பலுக்குள் நண்டு போனது,
வந்தது, மறுபடி போனது.
அறிவிப்புப் பலகையில்
துரு தின்றது போக மிச்சம்: 'க்கப்பட்ட'.
முன்னால் 'பாதுகா' போட்டுப் பார்த்தேன்.
'நீ' போட்டேன். 'ம', 'ற' இரண்டும் சேர்த்தேன்.
எல்லாம் பொருந்தியது.

சேற்றுவெளியில் தொலைநோக்கி கொடுத்தார்.
முதலில் ஒன்றுமில்லை.
அப்புறம் சேறே நகர்ந்தது.
"கொசு உள்ளான். முந்தாநாள் ராத்திரி வந்திருக்கு,
சைபீரியாவுலேருந்து.
ஒண்ணு இருபத்தஞ்சு கிராம்தான்."
மூன்று கொட்டைப்பாக்கு.
ஐநூறு இருக்கும். எண்ண எண்ண
இடம் மாறிக்கொண்டே இருந்தன.

நான் கணக்கு எழுதுகிறவள்.
ஜூன் பன்னிரண்டு, மேட்டூர்.
கல்லணை, வெண்ணாறு, கிளைகள்,
மதகுக்கு மதகு என் கையெழுத்து.
இன்றோடு நூற்றைந்து நாள்.
தலைஞாயிற்றுக்குத் தெற்கே வாய்க்காலில்
நேற்றும் ஆடு மேய்ந்தது.
இவை கிளம்பியபோது
மந்திரி யாரும் பூத்தூவியிருக்க மாட்டார்.
முறைப்பாசனம் கிடையாது.
வந்துவிட்டன.

சிரிப்பு வந்தது.
வைரக்கண்ணுவும் சிரித்தபடி,
"எந்த ஆபீஸ் மேடம் நீங்க?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்.
"அவரிக்காட்டுல எனக்கு ஆறு மா இருக்கு.
நேரடி வெதப்பு. மொளச்சுது."
அதன்பின் எதுவும் சொல்லவில்லை.
தொலைநோக்கியைக் கேட்டு வாங்கி
வேட்டி முனையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

பதின்மூன்றாவது அழைப்பு.
எடுத்தேன்.
"எங்க மேடம் இருக்கீங்க?"
கடைமடையில் என்றேன். பொய்யில்லை.
இதற்குத் தெற்கே கடல்தான்.

எதற்கோ மிரண்டு
ஐநூறும் ஒன்றாய் எழும்பின.
சேற்றை உரசிக்கொண்டு ஓர் இரைச்சல்
எங்களைத் தாண்டிப் போனது.

மறுமுனையில் பக்கிரிசாமி
மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
"அது என்ன சத்தம்,
தண்ணியா?"