ஐந்து கோப்பை, ஆறு பேர்

காதர்பேட்டையில் கட்டிங் வேஸ்ட் குடோனுக்கு மேலே
ஒரு அறை. ஞாயிறு மத்தியானம்
மெஷின் சத்தம் ஓய்ந்த பிறகு
நாங்கள் ஆறு பேர் டீ குடிக்கக் கூடுவோம்.
கீழே பேக்கரியில் பன்னிரண்டு ரூபாய்க்குக் கிடைப்பதற்கு
இத்தனை ஆர்ப்பாட்டமா என்று
வாட்ச்மேன் பொன்னான் கேட்காத வாரமில்லை.

கோயமுத்தூரிலிருந்து கேனில் வரும் சிறுவாணித் தண்ணீர்
(எங்கள் போர்த் தண்ணீரில் இலை செத்துப்போகும்),
ஜெய்லானி குவாங்சோவில் நிட்டிங் மெஷின் பார்க்கப் போய்
மெஷினை விட்டுவிட்டு வாங்கிவந்த மூடிக் கிண்ணம்,
ரூபவதியின் கொரியக் குடுவை.
அந்தப் பச்சையைப் பார்த்தவுடன்
மஞ்சள் பாயிண்ட் நாலு, டர்க்காய்ஸ் பாயிண்ட் ஒன்று,
கறுப்பு ஒரு சொட்டு என்று
என் வாய் தானாகச் சொன்னது.
சாயப்பட்டறை லேபில் பதினோரு வருஷம்.
நிறத்தை நிறமாகப் பார்க்க எனக்கு இனி வராது.

அன்று சென்னியப்பன் ஒசாகாவிலிருந்து வந்திருந்தார்.
பையர் வேண்டாமென்ற குழந்தை பனியன்களுக்குள்
சுற்றிச் சுற்றி வைத்த மரப்பெட்டி.
‘மெதுவாங்க, மெதுவா’ என்று சொல்லிக்கொண்டு
பிரித்ததென்னவோ அவர்தான்.
ஹாகி என்றார். ஊர்ப் பேராம்.
பாலாடை படிந்த மாதிரி ஒரு வெள்ளை,
அடியில் லேசாகத் தெரியும் மண்ணின் சிவப்பு,
மேலெல்லாம் முடியிழை வெடிப்பு.
‘குடிக்கக் குடிக்க டீ உள்ள எறங்கி
நெறம் மாறிட்டே இருக்குமுங்க.
கறை ஏறுனாத்தான் மதிப்பு.’

சிரித்துவிட்டேன்.
கறை பட்டதென்று லோடு லோடாய்ச்
சரக்கைத் திருப்பி அனுப்புகிறவள் நான்.

ஐந்துதான் இருந்தன.
அங்கே நாலு என்றால் சாவு என்று காதில் விழுமாம்,
ஐந்தைந்தாகத்தான் விற்பார்களாம்.
ஆளுக்கொன்று, சீட்டுப் போடுவோம் என்றார்.
வாங்கிவந்தவரும் சீட்டில்தான். ‘நாயம்னா நாயமுங்க.’
ஜிஎஸ்டி பில்லின் பின்பக்கம் கிழித்து
ஆறு சீட்டு, ஐந்தில் புள்ளி.

எனக்கு வெறுஞ்சீட்டு.

‘அட போச்சாது, அக்காவுக்கு கிளாஸ் எடுத்துட்டு வர்றேன்’
யதுநந்தன் எழுந்தான். நல்ல பையன்.
அலமாரி மூலையில் தனியாக இருந்த கண்ணாடி டம்ளரைச்
சட்டை நுனியில் துடைத்து
என் முன்னால் வைத்தான்.

எங்கள் ஊர் டீக்கடையில்
கூரைக்கு வெளியே, ஆணியில்,
என் அப்பாவின் கிளாஸ்.
அவரே கழுவி அவரே மாட்டிவிட்டு வருவார்.
இதை இந்த அறையில் நான் சொன்னதில்லை.
அன்றும் சொல்லவில்லை.
யதுநந்தனுக்கு என்ன தெரியும்,
அவனுக்கு விவரம் தெரிகிறபோது
அந்த இடத்தில் செல்போன் கடை.

டம்ளரைத் தள்ளி வைத்தேன்.
ரூபவதி குடித்து முடிக்கும்வரை பொட்டாட்ட இருந்தேன்.
‘உங்க கப்பைக் குடுங்க.’
அவள் கழுவ எழுந்தாள்.
‘கழுவ வேண்டாம்.’

கொஞ்ச நேரம் கெட்டில் மட்டும் பேசியது.
சின்னக் கோப்பை, கொதிக்கிற டீ.
அண்ணாந்து ஊற்றிக்கொள்ள முடியாது.
உதடு வைத்தே ஆக வேண்டும்.
வைத்தேன்.

அடுத்த சுற்றில் சென்னியப்பன் தன்னுடையதை
ஜெய்லானிக்கு நீட்டினார்; காரணம் கேட்கவில்லை.
யதுநந்தன் கைக்கு வந்ததும்
விளிம்பைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்,
மருந்து குடிப்பதுபோல் குடித்தான்.
எது யாருடையது என்பது
ஐந்து மணிக்குள் குழம்பிப்போய்
யாரும் எதையும் எடுத்துப் போகவில்லை.

எட்டு மாதமாயிற்று.
போன புதன்கிழமை ஒரு கோப்பையை லேபுக்குக் கொண்டுபோய்
லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தேன்.
வெடிப்புகளில் தேன் நிறம் இறங்கியிருக்கிறது,
உதடு படும் இடத்தில் கூடுதலாக.
எங்கள் ரிப்போர்ட்டில் எழுதுவதானால்:
கறை, இரண்டாம் கிரேடு. துவைத்தாலும் போகாது.
தேறாத சரக்கு.