சுவரின் கடல்பக்கம்

பாண்டிச்சேரியில் என்னோடு பயிற்சியில் இருந்த ஒருத்தி
குளிர்கடல்காரி.
அவள் ஊர்ச் சுவர் அறுபது மீட்டர் இறங்குமாம்.
பல் கிட்டிக்கொள்ளும் தண்ணீரில்
ஓர் அங்குலம் விடாமல் பூத்திருக்குமாம்
செடியே இல்லாத பூக்கள்,
தொட்டால் வாயை மூடிக்கொள்ளும் பூக்கள்.
உங்கள் ஊரில் சுவர் இருக்கிறதா, என்றாள்.

இருக்கிறது.
காசிமேட்டுக்குக் கிழக்கே, ஒன்பது மீட்டர்.
பூ கிடையாது. கொட்டலசு உண்டு,
கையுறையைக் கிழிக்கும்.

தை பிறந்து பத்து நாள்.
"வன்னித் தண்ணி இன்னிக்கு, செவுத்தோட இழுக்கும்.
கவுத்த வுட்றாத ஜெசிந்தா" என்கிறார் தேசப்பன்.
ஒரு இழுப்பு: நலம்.
இரண்டு: கயிறு கொடு.
மூன்று: வருகிறேன்.
நான்குக்கும் ஒன்று வைத்திருக்கிறோம்,
அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

முதல் மூன்று மீட்டர் டீசல் வானவில்லுக்குக் கீழே
பழைய கஞ்சி நிறம்.
பிறகு பச்சை.
பிறகு என் கை எட்டும் வரைதான் உலகம்.
அதற்குள் சுவர் வந்துவிடுகிறது
ரெகுலேட்டருக்கு ஒரு சாண் தள்ளி,
மின்ரயில் நெரிசலில் அடுத்தவர் முதுகுபோல.

கட்டைகளின் எண்கள் மட்டிகளுக்கு அடியில்.
கத்தியால் சுரண்டிச் சுரண்டிப் படிக்கிறேன்.
முப்பத்தெட்டு.
முப்பத்தொன்பது.
உள்ளங்கையைச் சுவரில் வைத்தால்
மேலே லாரி போவது தெரியும்.
இருபதடிப் பெட்டியா நாற்பதா,
காலியா சுமையா,
எல்லாம் எலும்புக்குச் சொல்லிவிடும்.

நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவே
வாய் பிளந்திருந்தது.
விளக்கை அடித்தேன்.
உள்ளே ஒரு முகம்.

களவா.
பெயர்தான் அப்படி, எதைக் களவாடியது பாவம்.
தடித்த உதடு, தூங்கி எழுந்த கண்,
ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவைத் தட்டியவனைப்
பார்க்கிற பார்வை.
வெளியே வரவில்லை. உள்ளேயும் போகவில்லை.
செவுள் மட்டும் திறந்து மூடுகிறது.
என் மூச்சு எவ்வளவு சத்தம் என்று
அப்போதுதான் எனக்கே கேட்டது.

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
அகலம், ஆழம், நடவடிக்கை.
உள்ளே இருப்பவருக்குக் கட்டம் இல்லை.

தண்டையார்பேட்டையில் எங்கள் பிளாக் மாடிப்படியிலும்
ஒரு வெடிப்பு இருக்கிறது.
வாரியத்து ஆட்கள் வந்து
குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி
தேதி எழுதிவிட்டுப் போனார்கள்.
கண்ணாடி உடைந்தால் சொல்லுங்கள் என்றார்கள்.
யாரிடம் என்று சொல்லவில்லை.
கதவு கதவாகச் சிவப்பு எண் போட்டார்கள்.
எங்களுடையது இருநூற்றுப் பதினாறு.
அம்மா அதன்மேல் காலண்டர் மாட்டிவிட்டாள்.

கை முட்டிவரை போனது. தோள்வரை போகவில்லை;
நான்தான் நிறுத்தினேன்.
பதினொன்று சென்டிமீட்டர் என்று
ஸ்லேட்டில் எழுதினேன்.
எட்டு என்று எழுதினால் அடுத்த வருஷம்வரை தொடமாட்டார்கள்.
பென்சில் ஒரு கணம் எட்டுப் பக்கம் சாய்ந்ததும் உண்மை.
அப்போது மேலே ஒரு லாரி போனது,
நாற்பதடி, முழுச் சுமை.
விடிய விடிய எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை நின்று
இப்போதுதான் கியர் மாற்றியிருப்பான் ஒருவன்.

பதினொன்றை அழிக்கவில்லை.
நடவடிக்கையில், அடைக்க வேண்டும்.

பிறகு கத்திப்பிடியால்
நாற்பத்திரண்டாம் கட்டையில் மூன்று தட்டுத் தட்டினேன்.
எதற்கு என்று கேட்காதீர்கள்.
களவாவுக்குத் தட்டுகிற பாஷை தெரியாது.
வெளிச்சம் கூசியதோ என்னவோ,
கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டது,
பஸ்ஸில் இடம் கொடுப்பதுபோல.

மூன்று இழுப்பு.

மேலே தேசப்பன் டேங்கைக் கழற்றியபடி
"இன்னா இருக்குது கீய?" என்றார்.
"ஆள் இருக்குது" என்றேன்.
கயிற்றைச் சுருட்டுவதை விட்டுவிட்டு
தண்ணீரையே பார்த்தார், நாலாம் இழுப்பை நினைத்து.
"மீனு தேசப்பா, மீனு" என்று கத்தினேன்.
அவருக்குச் சிரிக்க
கொஞ்ச நேரம் பிடித்தது.